விவசாய நிலம் தேடுவதும் நிலத்துக்காரரை அணுகுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் இரண்டு ஏக்கர் முப்பது சென்ட் புஞ்சை வாங்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் பத்திர வேலைக்குப் போனது இரண்டே மாதம். மீதிக் காலம் முழுக்க நிலத்தையும் அதன் சொந்தக்காரர்களையும் தேடி அலைந்ததுதான். அதற்குப் பிறகு நண்பர்களும் உறவினர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஒரே மாதிரியான கேள்விகளோடு வருகிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இது தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்குவதைப் பற்றியது. வீட்டு மனைக்கு விதிகள் வேறு.

விற்பனைக்கு நிலம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பலகை வைத்த நிலத்தையும் இணைய விளம்பரத்தில் வரும் நிலத்தையும் கடைசியில் பாருங்கள். அவை பெரும்பாலும் மூன்று நான்கு கைகள் மாறி, ஒவ்வொரு கைக்கும் ஒரு விலை ஏறி வந்தவை. நல்ல நிலம் ஊருக்குள் பேச்சாகத்தான் இருக்கும்.

முதலில் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து கிலோமீட்டர் சுற்றளவு போதும். மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுகிறவர்களுக்கு எந்த ஊரும் பழகாது, எந்த ஊருக்கும் அவர்களும் பழக மாட்டார்கள். நான் முதல் ஆறு மாதத்தை அப்படித்தான் வீணாக்கினேன்.

வட்டாரம் முடிவானதும் வாரம் ஒருமுறை போங்கள். டீக்கடை சரிதான், ஆனால் அங்கே கேட்டால் அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அதைவிட டிராக்டர் வைத்திருப்பவரிடம் பேசுங்கள். எந்தக் காட்டை மூன்று வருடமாக உழவில்லை என்பது அவருக்குத் தெரியும். உரக்கடைக்காரருக்கு யார் கடன் வைத்திருக்கிறார்கள், யார் வாங்க வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்று தெரியும். தேங்காய் வெட்டுபவர், ஆடு மேய்ப்பவர், மோட்டார் மெக்கானிக் ஆகியோரும் அப்படியே. எனக்கு நிலத்தைக் காட்டியவர் ஒரு மோட்டார் மெக்கானிக். அந்தக் கிணற்று மோட்டாரைக் கழற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

ஒரு தரிசு நிலம் பிடித்திருக்கிறது. யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்வே எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் சொல்வார், இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம், அதாவது விஏஓவிடம் கேட்கலாம். அரசின் மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் வரைபடமான புலப்படமும், ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் அங்கேயே கிடைக்கும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட், ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட். 0.40.5 என்று இருந்தால் ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் குழி, மா, வேலி என்று பேசுவார்கள். அங்கே மூன்று குழி ஒரு சென்ட், நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி.

பட்டாவில் உள்ள பெயரை நிலத்துக்காரர் என்று அப்படியே நம்பிவிட வேண்டாம். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லோரும் யுடிஆர் என்று சொல்வது அதைத்தான், பல நிலங்களுக்குப் பெயரும் பரப்பும் தவறாக ஏறியிருக்கின்றன. திருத்தாமல் இன்றுவரை அப்படியே கிடப்பவை நிறைய. இறந்து முப்பது வருடமான தாத்தா பெயரிலும் பட்டா இருக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஊரில் விசாரித்தால், பிள்ளைகள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். பலர் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள்.

நேராகப் போய் "நிலத்தை விற்கிறீர்களா" என்று கேட்கலாமா?

கேட்கக் கூடாது. புதிதாக நிலம் தேடுகிறவர்கள் செய்கிற பெரிய தவறு இது.

நம் ஊர்களில் நிலத்தை விற்பது வெறும் வியாபாரம் கிடையாது. "அப்பன் சேர்த்த காட்டை வித்துட்டான்" என்ற பேச்சு ஒரு குடும்பத்தின் மேல் பத்து வருடம் நிற்கும். விற்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவெடுத்தவரும், முன்பின் தெரியாத ஒருவர் காரில் வந்து இறங்கி அப்படிக் கேட்டால், "விற்கிற எண்ணமெல்லாம் இல்லை" என்றுதான் சொல்வார். ஒருமுறை வாயால் இல்லை என்று சொல்லிவிட்டால், அதை மாற்றிச் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நீங்களே கதவைச் சாத்தியது போல ஆகிவிடும்.

கேட்கிற முறை இப்படி இருக்கட்டும்: "ஐயா, இந்தப் பக்கம் ரெண்டு ஏக்கர் பார்த்துக்கிட்டு இருக்கேன். யாராச்சும் கொடுக்கிற எண்ணத்துல இருந்தா சொல்லுங்க." அவருடைய நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். விற்கிற எண்ணம் இருந்தால் அவர் யோசிப்பார், இரண்டு நாளில் வேறொருவர் மூலமாகச் சொல்லி அனுப்புவார். இல்லாவிட்டாலும் அவர் மனம் புண்படாது, வேறு ஒருவரைக் காட்டவும் செய்வார். "விற்பது" என்பதைவிடக் "கொடுப்பது" என்ற சொல்லைத்தான் ஊரில் பேசுவார்கள். நீங்களும் அதையே பேசுங்கள்.

சாயங்காலம் போங்கள். அறுவடை நாட்களிலும் வீட்டில் துக்கம் நடந்த மாதத்திலும் போகாதீர்கள். முதல் பேச்சில் விலை கேட்க வேண்டாம். நிலத்தில் என்ன விளைந்தது, கிணறு யார் வெட்டியது, தண்ணீர் எந்த மாதம் வரை நிற்கும் என்று கேளுங்கள். அந்த நிலத்தில் உழைத்தவருக்கு அதைப் பற்றிப் பேசுவது பிடிக்கும், உங்களுக்கும் எந்தப் பத்திரத்திலும் கிடைக்காத தகவல் கிடைக்கும்.

சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால் முதலில் போன் செய்யாமல், ஊரில் அவர் மதிக்கிற ஒருவர் மூலம் சொல்லிவிட்டுப் பிறகு பேசுங்கள். "உங்க சித்தப்பா நம்பர் கொடுத்தாரு" என்று ஆரம்பிக்கிற பேச்சுக்கு இருக்கிற மரியாதை வேறு.

குடும்பத்தில் யாரிடம் பேச வேண்டும்?

எல்லோரிடமும். முக்கியமாக, கட்டிக்கொடுத்த பெண்களிடம்.

எனக்குக் கிட்டத்தட்ட முடிந்துபோன ஒரு நிலம் கைவிட்டுப் போனது இதனால்தான். அண்ணன் தம்பி இருவரும் சம்மதித்து விலையும் பேசி முடித்தாயிற்று. "அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்துட்டோம், அதுக்குப் பங்கு கிடையாது" என்றார்கள். நானும் நம்பினேன். வழக்கறிஞர் கேட்ட பிறகு அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தோம். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விலை பேசிட்டு, இப்ப கையெழுத்துக்கு மட்டும் வர்றீங்களா?" என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. முதல் நாளே போய்ப் பேசியிருந்தால் அந்த நிலம் எனக்குக் கிடைத்திருக்கலாம்.

சட்டமும் அந்த அம்மா பக்கம்தான். உயில் எழுதாமல் இறந்த இந்துத் தகப்பனின் சுயசம்பாத்தியச் சொத்தில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்குப் பிறகு, அன்றைக்குத் திருமணம் ஆகாத பெண்களுக்குப் பிறப்பாலேயே பங்குரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஏற்கெனவே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கணக்கு மாறும், அதை வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார்.

ஆகவே பட்டா யார் பெயரில் இருந்தாலும் முதலில் வம்சாவளியை ஒரு தாளில் எழுதுங்கள். தாத்தா, அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இறந்துபோன மகனின் மனைவி வரை. வட்டாட்சியர் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழோடு அதை ஒப்பிடுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குத் தனிச் சொத்தாக நிலம் வந்திருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயோ தகப்பனோ விற்க முடியாது. பிறகு ஒவ்வொருவரையும் போய்ப் பாருங்கள். பங்கை விட்டுக்கொடுப்பவர் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கலாம், அல்லது எல்லோரும் சேர்ந்து கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். நான் வாங்கிய நிலத்தில் ஏழு பேர் கையெழுத்து. ஏழு வீட்டிலும் காப்பி குடித்திருக்கிறேன்.

பக்கத்துக் காட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். வரப்பு ஒட்டிய நிலத்தைப் பக்கத்துக்காரரிடமோ பங்காளியிடமோ முதலில் கேட்பது ஊர் வழக்கம். அவருக்கு வேண்டாம் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டால், பின்னால் பாதையிலும் தண்ணீரிலும் தகராறு வராது.

புரோக்கர் வேண்டுமா?

நல்லவர் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம். விலை பேசும்போது இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒருவர் இருப்பது சங்கடத்தைக் குறைக்கும். வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் ஒன்று முதல் இரண்டு சதவீதம் கொடுப்பார்கள். அதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். நிலத்துக்காரரை உங்கள் கண்ணில் காட்ட மறுக்கிற புரோக்கர் இடையில் விலை வைக்கிறார் என்று பொருள். "பவர் என்கிட்ட இருக்கு, நானே எழுதிக் கொடுத்துடுறேன்" என்றால், அந்தப் பவரை, அதாவது தனக்குப் பதிலாக விற்கும் அதிகாரப் பத்திரத்தை, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். கொடுத்தவர் இறந்த அன்றே பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும்.

எந்த நிலத்தின் பக்கமே போகக் கூடாது?

முதலாவது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பிரிட்டிஷ் அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலங்கள் இவை. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்தச் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பிறர் கைக்குப் போனதில் ஏராளமானவை ஏமாற்றியும் மிரட்டியும் எடுத்தவை. யார் எத்தனை பத்திரம் காட்டினாலும், வேறு சமூகத்தவர் இதை வாங்குவது சட்டப்படி செல்லாது, நியாயமும் ஆகாது.

கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம், நில உச்சவரம்பில் அரசு எடுத்த நிலம், அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம், ஓடை, குளம், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் இதே வரிசைதான். அ-பதிவேட்டையும் பழைய பதிவேடுகளையும் பார்த்தால் தெரிந்துவிடும். "முப்பது வருஷமா நாங்கதான் அனுபவிக்கிறோம்" என்பது பதில் ஆகாது. மலை ஒட்டிய கிராமமாக இருந்தால், மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள், தனியார் காடுகள் சட்டம் ஆகிய இரண்டில் எதிலாவது அந்தச் சர்வே எண் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பத்திரங்களைக் கேட்டால் விற்பவர் கோபித்துக்கொள்வாரோ?

கேட்கிற விதத்தில் இருக்கிறது. "உங்களை நம்பாம கேட்கலீங்க, வக்கீல் பார்க்கணும்னு சொல்றாரு" என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தாய்ப்பத்திரம், அதாவது முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரம், முதல் இன்றைய பத்திரம் வரை அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் வங்கியிலோ வட்டிக்காரரிடமோ இருக்கலாம். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். பதிவு செய்யாத ஒத்தியும் வாய்வழிக் குத்தகையும் நீதிமன்ற வழக்கும் வில்லங்கத்தில் வராமல் போகலாம். அதை ஊரில்தான் விசாரிக்க வேண்டும்.

நிலத்தை வேறு ஒருவர் பயிர் செய்துகொண்டிருக்கிறார் என்றால்?

அவரையும் பாருங்கள். குத்தகைதாரராக இருந்தால் 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். சொந்தக்காரர் மாறினார் என்பதற்காக அவர் வெளியேற வேண்டியதில்லை. அவருக்குச் சேர வேண்டியதை விற்பவர் கொடுத்து, அவர் மனமொப்பி எழுதிக் கொடுத்த பிறகே அட்வான்ஸ் பேச்சு. பயிர் நின்றால் அறுவடை அவருடையது.

பாதையும் தண்ணீரும்?

விலையைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். "அந்த வழியா எப்பவும் போய்க்கிட்டுத்தான் இருக்கோம்" என்பார்கள். உண்மைதான், பக்கத்துக்காரர் அவர்களுடைய பங்காளி, விட்டுவிட்டார். உங்களை விடுவாரா? புலப்படத்தில் வண்டிப்பாதை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பாதை உரிமையைப் பக்கத்துக்காரரிடம் எழுதி வாங்கிப் பதிய வேண்டும்.

கிணறு பொதுக் கிணறாக இருந்தால் எத்தனை பங்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை முறை வரும், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் பத்திரத்தில் வர வேண்டும். இலவச விவசாய மின் இணைப்பு புதிதாக வாங்க நீண்ட நாள் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே இருக்கிற இணைப்புக்குத் தனி மதிப்பு உண்டு. நிலத்தைச் சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை பாருங்கள். நான் வாங்க நினைத்த இன்னொரு நிலத்தில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. கோடையில் பார்த்தபோது அது அழகான சமவெளி.

விலையை எப்படிப் பேசுவது? விற்பவர் அவசரத்தில் இருந்தால் குறைத்துக் கேட்கலாமா?

அக்கம்பக்கத்துச் சர்வே எண்களுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் சமீபத்திய கிரையங்கள் தெரியும். பத்திரத்தில் பல சமயம் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைத்தான் எழுதியிருப்பார்கள் என்பதால், வாங்கியவரிடமே போய்க் கேட்பது நல்லது. சென்ட் கணக்கில் விலை பேசி, சர்வேயர் அளந்த பரப்புக்குத்தான் பணம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மரம், கிணறு, மோட்டார் எல்லாம் விலைக்குள் அடங்கியதா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்காகவோ மகள் கல்யாணத்துக்காகவோ ஒருவர் விற்கிறார் என்று தெரிந்தால் தயவுசெய்து அதை வைத்து விலையை அடிக்காதீர்கள். அந்த நிலத்தில் நீங்கள் பல வருடம் போய்வரப் போகிறீர்கள், அவர் அதே ஊரில் இருக்கப் போகிறார். நியாய விலை சொல்லி, பணத்தைச் சீக்கிரம் புரட்டிக் கொடுங்கள். அவருக்குத் தேவை அந்த வேகம்தான்.

அட்வான்ஸ் எவ்வளவு, எப்படி?

வாய்ப்பேச்சுக்கு டோக்கன் என்று சிறு தொகை கொடுப்பது வழக்கம். அதற்கு மேல் கொடுப்பதாக இருந்தால் கிரைய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பணம் வங்கி வழியாகவே போகட்டும். நிலம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வருமான வரிச் சட்டப்படி வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். இது பல விவசாயிகளுக்குத் தெரியாது, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பதிவுச் செலவு?

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இருபது லட்சம் மதிப்பென்றால் 1,80,000 ரூபாய். பெண்கள் பெயரில் வாங்கினால், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

விவசாயியாக இல்லாதவர் வாங்கலாமா? வெளிநாட்டில் இருப்பவர்?

தமிழ்நாட்டில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விவசாயி என்ற சான்று தேவையில்லை. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மாமனார் பெயரில் வாங்கி வைக்கிறேன் என்று பணம் அனுப்புவது பினாமிச் சட்டத்தில் கொண்டுபோய் விடும்.

பத்திரம் முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

பட்டா மாறுதல். முழுச் சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பெயர் சீக்கிரம் மாறிவிடும். உட்பிரிவு செய்ய வேண்டும் என்றால் சர்வேயர் வந்து அளந்து கல் நட வேண்டும். அன்றைக்குப் பக்கத்துக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வையுங்கள். மின் இணைப்பையும் உடனே பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்.

விற்றவரோடு அப்புறமும் பழக்கம் வைத்துக்கொள்ளலாமா?

கட்டாயம். எங்கள் நிலத்தை விற்ற பெரியவர் மாதம் ஒருமுறை வந்து வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். முதல் தடவை உள்ளே வரத் தயங்கினார், நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கிணற்றில் எந்தப் பக்கம் ஊற்று, எந்த மூலையில் பாறை என்று காட்டியவர் அவர்தான். வடக்கு வரப்பில் நிற்கும் புளியமரம் அவருடைய அம்மா வைத்தது. விலை பேசும்போது அந்த மரத்தை வெட்ட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வருடமும் மாசியில் புளி உலுக்கியதும் அவருடைய இரண்டு அக்காக்கள் வீட்டுக்கும் ஆளுக்கு ஐந்து கிலோ கொடுத்து அனுப்புகிறோம்.